போரை மாற்றியது புதுக் கருவியா, பழகிய கையா? – ‘பழகிய கையே’ அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இத்தனை நேரமாகியும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் அவையோரே, வணக்கம்.

“போரின் போக்கைப் பெரிதும் மாற்றியது புதிய கருவியா, பழகிய கையா?” என்பது தலைப்பு. நான் பழகிய கையின் பக்கம் நிற்கிறேன். ‘வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்’ என்று ஒரு வரி சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். ஆனால் எனக்கு முன்னால் பேசிய நண்பர் நீர்மூழ்கி, மஸ்கட் துப்பாக்கி, துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தியான பயனெட் என்று ஓர் ஆயுதக் கிடங்கையே மேடையில் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார். அதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்திவிட்டுத்தான் உட்கார முடியும்.

நண்பர் முழங்கினார்: “1864 பிப்ரவரி 17! அமெரிக்க உள்நாட்டுப் போர்! சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்கு வெளியே ஹன்லி என்ற நீர்மூழ்கி, ஹவுசடானிக் என்ற போர்க்கப்பலை மூழ்கடித்தது! உலகிலேயே முதல் முறை!” நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், உண்மைதானே. ஆனால் கதையின் மிச்சத்தை அவர் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார். அந்த நீர்மூழ்கிக்கு எஞ்சின் கிடையாது. ஏழு பேர் குனிந்து உட்கார்ந்து கையால் சுற்றினால்தான் அது நகரும், எட்டாவது ஆள் அதை ஓட்டுவார். சோதனை ஓட்டங்களின்போது முதலில் மூழ்கி ஐந்து பேர் போனார்கள். தூக்கி எடுத்தார்கள். மறுபடி மூழ்கி எட்டுப் பேர் போனார்கள், அதில் அந்தக் கப்பலுக்குப் பெயர் கொடுத்த ஹன்லியே ஒருவர். மறுபடி தூக்கினார்கள். மூன்றாவது முறை ஹவுசடானிக்கைத் தாக்கிவிட்டு, உள்ளே இருந்த எட்டுப் பேரோடு அதுவும் அடியில் போய்ச் சேர்ந்தது. கணக்கைப் பாருங்கள் நடுவர் அவர்களே: எதிரி தரப்பில் இறந்தவர்கள் 5 பேர், சொந்தத் தரப்பில் 21 பேர். எதிரிக்கு இதைவிட நல்ல நண்பன் கிடைப்பானா? இன்னொரு நீர்மூழ்கி ஒரு போர்க்கப்பலை மூழ்கடிக்க அதற்கப்புறம் ஐம்பது வருடம் ஆயிற்று. கருவி பிறந்துவிட்டது, சரி. அதை வைத்து என்ன செய்வது என்று கற்றுக்கொள்ள அரை நூற்றாண்டு.

அந்த ஐம்பதாவது வருடத்துக்கு வருவோம். முதல் உலகப் போர், 1914 செப்டம்பர் 22, வட கடல். யு-9 என்ற சின்ன ஜெர்மன் நீர்மூழ்கி, கேப்டன் ஓட்டோ வெட்டிகன். எதிரே அபூகிர், ஹோக், கிரெசி என்ற மூன்று பிரிட்டிஷ் குரூசர்கள், ஒவ்வொன்றும் 12,000 டன். மூன்றும் ஒன்றரை மணி நேரத்துக்குள் மூழ்கின. 1,459 பேர் இறந்தார்கள். “பார்த்தீர்களா கருவியின் வலிமையை!” என்றார் நண்பர். அபூகிரைத் தாக்கியது கருவிதான், ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் நடந்ததுதான் விஷயம். அபூகிரின் கேப்டன், கண்ணிவெடியில் இடித்துவிட்டோம் என்று நினைத்தார். உதவிக்கு மற்ற இரண்டையும் கிட்டே வரச் சொன்னார். அவை வந்தன. வந்து, தண்ணீரில் தத்தளித்தவர்களைத் தூக்குவதற்காக நின்றன. நின்ற இடத்திலேயே ஹோக் போயிற்று, அப்புறம் கிரெசி. மனிதாபிமானம்தான், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்த இரண்டு கப்பலையும் மூழ்கடித்ததில் பாதிப் பங்கு பழைய பழக்கத்துக்கு உண்டு. அடுத்து பிரிட்டன் என்ன செய்தது? புதுக் கருவி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. நீர்மூழ்கி நடமாடும் இடத்தில் பெரிய கப்பல்கள் நிற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. ஒரு காகிதம், அவ்வளவுதான்.

இங்கே ஒரு கிளைக்கதை சொல்லாமல் போக மனமில்லை. அதே வெட்டிகன் 1915 மார்ச்சில் யு-29 என்ற நீர்மூழ்கியோடு இறந்தார். கொன்றது டிரெட்நாட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல். 1906-ல் வந்தபோது உலகிலிருந்த மற்ற எல்லாப் போர்க்கப்பலையும் ஒரே நாளில் கிழடாக்கிவிட்டது என்று எல்லாரும் வியந்த அதே டிரெட்நாட். பத்துப் பெரிய பீரங்கிகள். அந்தப் பத்தில் எதனால் அடித்தது? எதனாலும் இல்லை. மூக்கால் முட்டி மூழ்கடித்தது! கிரேக்கர்கள் துடுப்புக் கப்பலில் செய்த அதே வேலை. யுட்லாந்துப் பெருங்கடற்போர் நடந்தபோது அது பழுதுபார்ப்பில் இருந்தது. ஆக, எதிரணி நண்பரின் செல்லக் கருவி முதல் உலகப் போர் முழுவதிலும் சொல்லிக்கொள்ளும்படி செய்த ஒரே காரியம், முட்டியதுதான்.

சரி, இப்போது என் வாதத்தின் நடுத்தூணுக்கு வருகிறேன். 1917. ஜெர்மனி பிப்ரவரி முதல், கண்ணில் பட்ட வணிகக் கப்பலையெல்லாம் எச்சரிக்கையின்றி மூழ்கடிக்கத் தொடங்கியது. ஏப்ரல் ஒரே மாதத்தில் உலகம் இழந்த கப்பல்கள் ஏறத்தாழ 8,60,000 டன். இப்படியே போனால் பிரிட்டன் பட்டினி கிடந்தே தோற்கும். இதற்கு மருந்து எது? கான்வாய். கப்பல்களைத் தனித்தனியே விடாமல் கூட்டமாகச் சேர்த்து, காவல் கப்பல்களோடு அனுப்புவது. பாய்மரக் காலத்திலிருந்தே பிரிட்டனுக்குத் தெரிந்த பழைய முறை. ஆனால் கடற்படைத் தலைமை மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஏன் தெரியுமா?

கூட்டமாகப் போனால் எதிரிக்கு வசதியாகிவிடும் என்றார்கள். வணிகக் கப்பல் கேப்டன்களுக்கு வரிசை பிடித்துப் போகத் தெரியாது என்றார்கள். இதையெல்லாம்விடப் பெரிய காரணம் ஓர் எண். வாரத்துக்கு 2,500 கப்பல் வருகிறது, 2,500 கப்பல் போகிறது, இத்தனைக்கும் காவலுக்கு எங்கே போவது என்றார்கள். அந்த எண்ணை ஓர் அதிகாரி தோண்டிப் பார்த்தார். ரெஜினால்ட் ஹெண்டர்சன் என்று பெயர். கரையோரமாக இந்தத் துறைமுகத்துக்கும் அடுத்த துறைமுகத்துக்கும் நடைபோடும் குட்டிக் கப்பல்கள்கூட அந்த 2,500-ல் சேர்ந்திருந்தன. பெருங்கடலைத் தாண்டி வரும் கப்பல்கள் எத்தனை? வாரத்துக்கு 140-ஐத் தாண்டவில்லை. போவதும் அவ்வளவுதான். ஒரு பேரரசு தன் கணக்குப் புத்தகத்தைத் தப்பாகக் கூட்டி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மூழ்கிக்கொண்டிருந்தது, நடுவர் அவர்களே!

மே மாதம் கான்வாய் தொடங்கியது. என்ன ஆயிற்று? கடல் காலியாகிவிட்டது. முப்பது கப்பல் தனித்தனியாகப் போனால் நீர்மூழ்கிக்கு முப்பது வாய்ப்பு. முப்பதும் ஒன்றாகப் போனால், அவ்வளவு பெரிய கடலில் அந்தக் கூட்டம் கிட்டத்தட்ட ஒரு புள்ளிதான். அதைத் தவறவிட்டால் முப்பதையும் தவறவிட்டதுதான். கண்டுபிடித்தாலும் ஒன்றிரண்டை அடிப்பதற்குள் காவல் கப்பல் மேலே வந்துவிடும். கான்வாயில் போன கப்பல்களில் நூற்றுக்கு ஒன்றுகூட நீர்மூழ்கியிடம் பறிபோகவில்லை. நீரடி வெடிகுண்டு அதற்கு முன்பே வந்துவிட்டதே என்று எதிரணியில் ஒருவர் முணுமுணுக்கிறார், காதில் விழுகிறது. ஆமாம் ஐயா, வந்திருந்தது. ஏப்ரலிலும் இருந்தது. ஏப்ரலில் 8,60,000 டன் போனபோது அது எங்கே போயிருந்தது?

கடலில் நனைந்தது போதும், தரைக்கு வருவோம். துப்பாக்கி வந்ததும் வாளும் ஈட்டியும் தோற்றுவிட்டன என்றார் நண்பர். 16-ம் நூற்றாண்டு ஐரோப்பாவின் திரித் துப்பாக்கியை அவர் கையில் வாங்கிப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். ஒரு கையில் எரிகிற திரி, மறு கையில் வெடிமருந்து, இடுப்பிலும் தோளிலும் இன்னும் வெடிமருந்து. நிமிடத்துக்கு ஒரு குண்டு சுட்டாலே பெரிய சாமர்த்தியம். 1607-ல் நெதர்லாந்துக்காரர்கள் இதைச் சொல்லிக்கொடுக்கப் படப் புத்தகமே போட்டார்கள். ஒரு முறை கெட்டித்துச் சுடுவதற்கு நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள்! நீங்கள் பத்தாவது படத்தில் இருக்கும்போது குதிரைக்காரன் உங்கள் தலைக்கு வந்துவிடுவான். அதனால்தான் துப்பாக்கிக்காரனைக் காப்பாற்றப் பதினாறு அடி ஈட்டியோடு ஒரு கூட்டம் பக்கத்திலேயே நின்றது. நண்பர் தோற்றுவிட்டதாகச் சொன்ன ஈட்டி, துப்பாக்கிக்குக் காவல்காரனாக நூறு வருடத்துக்கு மேல் வேலை பார்த்தது.

இந்தத் துப்பாக்கிக்கு உயிர் கொடுத்தது எது? ஒரு கடிதம். 1594 டிசம்பர் 8-ம் தேதி, நசாவ் குடும்பத்து வில்லியம் லூயி தன் ஒன்றுவிட்ட சகோதரரும் நெதர்லாந்துப் படைத் தலைவருமான மாரிஸுக்கு எழுதினார். ரோமானியர் காலத்துப் போர்க்கலை நூல் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு யோசனை தோன்றியது. முதல் வரிசை சுடட்டும், சுட்டதும் திரும்பிப் பின்னால் நடந்து போய்க் கெட்டிக்கட்டும், அதற்குள் இரண்டாம் வரிசை சுடட்டும், அப்புறம் மூன்றாவது. கடிதத்திலேயே ஆட்களை எழுத்துகளாகப் போட்டுப் படமும் வரைந்தார். துப்பாக்கி அதேதான், மருந்தும் குண்டும் அதேதான். ஆள் நடக்கும் விதம் மட்டும் மாறியது. ஓய்ந்து ஓய்ந்து சுட்ட கூட்டம் ஓயாமல் சுடும் கூட்டமாயிற்று. ஆனால் எதிரி எதிரே வரும்போது முதுகைக் காட்டித் திரும்பி நடப்பது எவ்வளவு கடினம்! பின்வரிசைக்காரன் அதைப் பார்த்து ஓடிவிடக் கூடாது. அதற்குத்தான் தினமும் கவாத்து.

பயனெட் பற்றி நண்பர் நன்றாகவே பேசினார். அவர் உரையில் எனக்குக் கொஞ்சம் பயம் வந்த இடம் அதுதான். முதலில் வந்த பயனெட் ஒரு விசித்திரம். துப்பாக்கிக் குழாயின் வாய்க்குள்ளேயே செருக வேண்டும், கார்க் மாதிரி. செருகினால் சுட முடியாது. சுட வேண்டுமென்றால் செருகக் கூடாது. 1689 ஜூலையில் ஸ்காட்லாந்தின் கில்லிகிராங்கியில், ஹைலாண்டர்கள் என்ற மலைநாட்டுக் கிளர்ச்சிக்காரர்கள் மலைச்சரிவில் வாளோடு ஓடி வந்தார்கள். அரசுப் படை சுட்டது. சுட்டுவிட்டுச் செருகத் தொடங்கியது. செருகி முடிப்பதற்குள் வாள் வந்துவிட்டது. அப்புறம் குழாயின் வெளியே மாட்டும் சாக்கெட் பயனெட் வந்தது, ஈட்டிக்காரர்களுக்கு ஓய்வு கொடுத்தது. இது கருவியின் வெற்றி. இதில் நான் மல்லுக்கு நிற்கப் போவதில்லை.

ஆனால் நடுவர் அவர்களே, அதே சாக்கெட் பயனெட்டோடு, அதே ஹைலாண்டர்களுக்கு எதிரே, 1746 ஜனவரி 17-ல் ஃபால்கர்க்கில் அரசுப் படை நின்றது. மழையில் பல துப்பாக்கிகள் வெடிக்கவில்லை, படையில் பெரும் பகுதி சிதறி ஓடியது. மூன்று மாதம் கழித்து ஏப்ரல் 16, கல்லோடன். அதே பயனெட், அதே எதிரி. இந்த முறை அரசுப் படை எதிரியை நசுக்கிவிட்டது. இடையில் என்ன நடந்தது? அரசுப் படைத் தலைவர் கம்பர்லண்ட் கோமகன் அபர்டீனில் படையை உட்கார்த்திவைத்துப் பயிற்சி கொடுத்தார். உன் எதிரே வருகிறவனைக் குத்தாதே, அவன் கேடயம் தடுத்துவிடும். உன் வலப்பக்கத்துக்காரன் மேல் பாய்கிறவனைக் குத்து, வாள் ஓங்கிய கையின் கீழே அவனுக்குக் காப்பு இல்லை என்று சொல்லிக்கொடுத்தார். யோசித்துப் பாருங்கள். என் மேல் வாளை ஓங்குகிறவனை நான் விட்டுவிட வேண்டும், அவனை என் இடப்பக்கத்துக்காரன் பார்த்துக்கொள்வான் என்று நம்ப வேண்டும். அந்த நம்பிக்கையை எந்தப் பட்டறையில் அடித்து எடுப்பது? நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்: அன்று ஹைலாண்டர்கள் பசியோடும் தூக்கமில்லாமலும் சதுப்பு நிலத்தில் ஓடி வந்தார்கள், பீரங்கியும் அவர்களைச் சிதைத்தது. பயிற்சி ஒன்றே வென்றது என்று சொல்லமாட்டேன். பயனெட் வென்றது என்று மட்டும் நீங்களும் சொல்லாதீர்கள்.

1870-ல் ஜெர்மானியரோடு போருக்குப் போன பிரான்ஸிடம் 25 குழல் கொண்ட மித்ரயூஸ் என்ற தொடர்சுடும் துப்பாக்கி இருந்தது. அதை எவ்வளவு ரகசியமாக வைத்திருந்தார்கள் என்றால், சுட வேண்டிய சிப்பாய்க்கே அதைச் சரியாகக் காட்டவில்லை. பீரங்கி மாதிரி தூரத்தில் நிறுத்திச் சுட்டார்கள், வீணாகப் போயிற்று. அந்தப் போரில் பிரான்ஸின் ஷாஸ்போ துப்பாக்கி, ஜெர்மானியர் துப்பாக்கியைவிட வெகுதூரம் சுடும். தோற்றது பிரான்ஸ்.

1945 ஏப்ரலில் யு-1206 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி தன் கழிப்பறையால் மூழ்கியது. ஆழத்திலும் பயன்படுத்தக்கூடிய நவீனக் கழிப்பறை, வால்வுகளை இயக்கவே பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். கோளாறாகி, கடல் நீர் உள்ளே பாய்ந்து மின்கலங்களில் பட, குளோரின் வாயு கிளம்பியது. மேலே வந்தால் விமானங்கள். கப்பலைக் கைவிட்டார்கள். சிரிக்கிறீர்கள், நானும் சிரித்தேன், ஆனால் நாலு பேர் செத்தார்கள்.

மணி அடிக்கப் போகிறீர்கள் என்று தெரிகிறது நடுவர் அவர்களே, ஒரே ஒரு காட்சி.

இரண்டாம் உலகப் போர், 1942, பிரிட்டனின் லிவர்பூல். ஒரு கட்டடத்தின் மாடியில் தரையெங்கும் கோடு கிழித்த ஓர் அறை. காசநோயால் கடற்படையை விட்டு அனுப்பப்பட்டு, மறுபடி அழைக்கப்பட்ட கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற அதிகாரி, இளம்பெண்களை வைத்து அங்கே கடற்போரைத் தரையில் விளையாடிப் பார்த்தார். நீர்மூழ்கியின் பாதையைப் பச்சை சாக்பீஸால் போடுவார்கள், திரைக்குப் பின்னால் சின்னத் துளை வழியாகப் பார்க்கிறவருக்கு அது தெரியாது. விளையாடி விளையாடிக் கண்டுபிடித்தார்கள்: ஜெர்மன் நீர்மூழ்கி வெளியிலிருந்து சுடவில்லை, இரவில் கான்வாய்க்கு உள்ளேயே புகுந்து சுடுகிறது, அப்புறம் மூழ்கிப் பின்பக்கமாக நழுவுகிறது. அப்படியானால் காவல் கப்பல்கள் தேட வேண்டிய இடம் பின்பக்கம். அந்த அறையில் ஏறத்தாழ ஐயாயிரம் அதிகாரிகள் கற்றுக்கொண்டு கடலுக்குப் போனார்கள். நீர்மூழ்கிகளை முறியடித்ததில் ரேடாரும் விமானமும் 1943-ல் பெரும் பங்கு வகித்தன, மறுக்கவில்லை.

ஒருநாள் அட்மிரல் மேக்ஸ் ஹார்ட்டன் அந்த அறைக்கு வந்தார். முதல் உலகப் போரில் நீர்மூழ்கி ஓட்டிப் பெயர் வாங்கியவர். நான் நீர்மூழ்கி, நீங்கள் காவல் கப்பல் என்று உட்கார்ந்தார். ஐந்து ஆட்டம். ஐந்திலும் ஓர் இளம்பெண் அவரை மூழ்கடித்தாள்.

எதிரணித் தலைவர் அடுத்துப் பேச வரும்போது தயவுசெய்து இதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போகட்டும்: அவள் கையில் இருந்த புதிய கருவி எது ஐயா, அந்த சாக்பீஸா?