கரிக்கு எண்ணெய் வேண்டாம்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

"எதைப் பற்றிப் பேசப்போறியள் ரீச்சர்?" என்று வானொலி நிலையத்திலிருந்து தம்பி தொலைபேசியில் கேட்டார். "கரி மூட்டுறதைப் பற்றி" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சூழல் மாசு, குடிதண்ணீர், அப்படி ஏதும்..." என்று இழுத்தார். இல்லைத் தம்பி, கரிதான் என்று சொல்லிவிட்டேன். 28 வருடம் இரசாயனவியல் படிப்பித்திருக்கிறேன். தகனம் என்ற பாடத்தை எத்தனையோ தரம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அதைப் படித்துச் சித்தியடைந்த பிள்ளையே முற்றத்தில் நின்று அடுப்புக்குள் பெற்றோல் ஊற்றியதைக் கண்ட பிறகு, இதைப் பேசாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் வீடுகளிலும் பார்த்திருப்பீர்கள். நல்லூர்க் கொடியேறி 25 நாளும் மச்சம் இல்லை. திருவிழா முடிந்ததும், வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் திரும்பிப் போவதற்குள் ஒரு பின்னேரம் முற்றத்தில் பார்பிகியூ. கணவாய், இறால், கோழி எல்லாம் மத்தியானமே தூள் பிரட்டி ஊறப்போட்டாயிற்று. சனம் முழுக்க வெளியே நிற்கிறது. ஆனால் கரி பிடிக்கவில்லை. ஒருவர் ஊதுகிறார், ஒருவர் மட்டையால் விசுக்குகிறார், மூன்றாமவர் மோட்டார் சைக்கிள் நிற்கும் பக்கம் போகிறார். அந்த மூன்றாமவருக்காகத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், திரும்பத் திரும்பவும் சொல்லுவேன். கரிக்கு எண்ணெய் வேண்டாம். அடியிலிருந்து காற்று வேண்டும்.

இதை எனக்குப் பல்கலைக்கழகம் சொல்லித் தரவில்லை. அம்மம்மாதான் சொல்லித் தந்தா. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் என்றால் பொன் மாதிரி. ஜாம் போத்தலுக்கு அடியில் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, அந்தச் சின்னத் திரி வெளிச்சத்தில்தான் ஒரு தலைமுறையே படித்தது. நான் அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியை. காலையில் சேலை மினுக்க வேண்டும். மின்சார ஸ்திரிக்கைப் பெட்டி அலுமாரிக்குள் போய்விட்டது. பரணில் கிடந்த இரும்புப் பெட்டியை, மூடியில் சேவல் கொழுக்கி உள்ள அந்தப் பழைய பெட்டியை, அம்மம்மா இறக்கித் துடைத்து வைத்தா. அதற்குச் சிரட்டைக் கரித் தணல் வேண்டும். ஒரு சொட்டு எண்ணெய் தொடாமல் அவ அதை எப்படி உண்டாக்கினா தெரியுமா?

கிணற்றடியில் ஒரு பால்மாப் பேணி. பெரியது. அடித்தகட்டையும் மூடியையும் வெட்டி எடுத்தாயிற்று. அடி ஓரத்தைச் சுற்றி ஆணியால் அடித்த ஓட்டைகள். நாலு விரல் உயரத்தில் குறுக்கும் மறுக்குமாகக் கம்பி. அந்தக் கம்பிக்கு மேலே கரி. கீழே காய்ந்த பன்னாடை ஒரு பிடி, தென்னம் பாளைச் சிராய் இரண்டு. நெருப்புக்குச்சியும் தட்டுப்பாடுதான், அதனால் அடுக்களை அடுப்பில் மிஞ்சிக் கிடக்கும் ஒரு கொள்ளியைக் கொண்டுவந்து அடியில் காட்டுவா. பிறகு அங்கே நிற்கவே மாட்டா. முற்றம் கூட்டப் போய்விடுவா. நான்தான் பொறுமையில்லாமல் குனிந்து ஊதப் போவேன். "ஊதாதை பிள்ளை, அது தானே காத்தை இழுக்கும்" என்பா. அந்தப் பேணியின் வாய்க்கு மேலே கையைப் பிடித்துப் பார்த்தால், முதலில் ஈரப் புகை. கொஞ்சம் கழிய, புகை மெலிந்து உள்ளங்கையில் வெறும் சூடு. அதற்குப் பிறகு கையை வைக்க முடியாது. உள்ளே எட்டிப் பார்த்தால் அடிக்கரி சிவந்து, மேலே இருக்கிற கரியின் விளிம்பில் வெள்ளைச் சாம்பல் பூக்கத் தொடங்கியிருக்கும். முற்றம் கூட்டி முடிய தணலும் ரெடி.

அது தானே காத்தை இழுக்கும். இந்த ஒரு வசனத்துக்குள் பாடம் முழுவதும் இருக்கிறது. சூடான காற்று பாரம் குறைந்து மேலே ஏறும். பேணிக்குள் பக்கவாட்டில் போக வழியில்லை, ஆகவே நேரே மேலே போகும். போன இடத்தை நிரப்ப அடி ஓட்டைகளால் புதுக்காற்று உள்ளே வரும். வந்த காற்றில் கரி எரிந்து சூடு கூட, அந்தச் சூடு இன்னும் வேகமாக மேலே ஏற, இன்னும் காற்று வரும். ஓட்டு ஆலையின் புகைக்கூண்டு செய்யும் வேலையை ஒரு பேணி செய்கிறது. கடைகளில் இப்போது பிடி வைத்து விற்கிறார்களே, கரி மூட்டும் உருளை, அதுவும் இதுதான்.

விறகு மாதிரிக் கரி ஏன் உடனே பற்றுவதில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். விறகில் சுவாலை விட்டு எரிவது, சூட்டில் விறகுக்குள்ளிருந்து கிளம்பும் வாயு. கரி என்பது அந்த வாயு எல்லாம் முதலிலேயே போக மிஞ்சிய காபன். அதற்குச் சுவாலை விடத் தெரியாது. மேற்பரப்பில், ஒட்சிசன் தொடுகிற இடத்தில், மெல்ல மெல்ல எரியும். ஒரு தணல் துண்டைத் தனியே எடுத்து வைத்துப் பாருங்கள், அணைந்துவிடும். பத்துத் துண்டு நெருக்கமாகக் கிடந்தால் ஒன்றின் சூட்டில் மற்றது வாழும். நாங்கள் செய்வது என்ன? கரியை அடுப்பில் பரவி விட்டு, மேலே எண்ணெயை ஊற்றி, மேலேயே விசுக்குகிறோம். சூடு சேரவும் விடவில்லை, அடியால் காற்றும் விடவில்லை. எண்ணெய் எரிந்து தீர்ந்துவிடும், கரி கறுப்பாகவே கிடக்கும்.

சிரட்டைக் கரியைப் பற்றி இடையில் ஒன்று சொல்ல வேண்டும். முதலாம் உலக யுத்தத்தில் நச்சு வாயுவிலிருந்து வீரர்களைக் காப்பாற்றிய முகமூடிகள் பலவற்றுக்குள் இருந்தது தேங்காய்ச் சிரட்டையில் செய்த கரி. இன்றைக்கும் தண்ணீர் வடிகட்டிகளுக்காக இலங்கையிலிருந்து அந்தக் கரியைப் பதப்படுத்தி ஏற்றுமதி செய்கிறார்கள். அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். துளை இருப்பதால் காற்றில் உள்ள ஈரத்தையும் பிடித்து வைக்கும். மாரி காலத்தில் சாக்கோடு மூலையில் கிடந்த கரி பிடிக்காமல் புகைவதற்கும், பொறி தெறிப்பதற்கும் அந்த ஈரமும் ஒரு காரணம். காலையில் ஒரு சாக்கை விரித்து வெயிலில் காயப்போடுங்கள். போடும்போதே சுளகில் கொழித்துத் தூளை நீக்கிவிடுங்கள். தூள் சேர்ந்தால் காற்று போகிற வழி அடைபடும்.

சரி, செய்கிற முறை. பேணி ஒன்றரைச் சாண் உயரம் இருந்தால் நல்லது. வர்ணம் பூசியதென்றால் வெறுமையாக ஒருதரம் நெருப்பில் போட்டுப் புகை முடிய எடுத்துக் கழுவுங்கள். வாளித் தகரம் மாதிரி நாகம் என்ற உலோகம் பூசிய தகரம் வேண்டவே வேண்டாம், கடும் சூட்டில் வருகிற ஆவி சுவாசத்துக்குக் கூடாது. பெயின்ற் பேணியும் வேண்டாம். மூன்று செங்கல்லை மணலில் வைத்து அதன் மேல் நிறுத்துங்கள், அடியால் காற்று போகும். சீமெந்து நிலத்தில் நேரே வைத்தால் நிலம் வெடித்துச் சில்லுத் தெறிக்கும். எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக் கல்லையும் அடுக்க வேண்டாம், ஈரம் ஊறிய கல் சூட்டில் வெடிக்கும்.

கீழே பழைய பேப்பர் இரண்டு தாள், இறுக்கிச் சுருட்டாமல் கசக்கி வையுங்கள். இப்போது பன்னாடைக்கு எங்கே போவது என்கிறவர்கள் பேப்பரில் பொரித்த தேங்காயெண்ணெய் இரண்டு தேக்கரண்டி தடவலாம். அடுப்பு எண்ணெய்க்கு எதிராகப் பேசுகிற நான் இந்த எண்ணெயை மட்டும் சொல்லுவேன். அது திரி மாதிரிப் பேப்பரை நின்று எரிய வைக்கும், திடீரென்று ஆவியாகாது. சொப்பிங் பையும் சைக்கிள் ரியூப் துண்டும் வேண்டாம். அந்தப் புகை உங்கள் கோழியில்தான் படியும். அடியில் இரண்டு மூன்று இடத்தில் கொளுத்திவிட்டு விலகி நில்லுங்கள். 15 நிமிடம், கரி பெரிதென்றால் 20. மேல் கரியில் சாம்பல் பூத்ததும், தடித்த துணியோ தோல் கையுறையோ போட்டு, குறடால் பிடித்து, காற்று முதுகில் படும்படி நின்று, உங்களுக்கு எதிர்ப்பக்கமாகக் கொட்டுங்கள். நைலோன் உடுப்பும் தொங்குகிற சால்வையும் அப்போது உடம்பில் இருக்கக் கூடாது. நைலோன் உருகித் தோலில் ஒட்டும். பருத்தி நல்லது.

இனி அந்த மூன்றாமவர். தடைக்காலத்தில் மோட்டார் சைக்கிள் எப்படி ஓடியதென்று தெரிந்தவர்களுக்கு இது லேசாக விளங்கும். மண்ணெண்ணெயில்தான் ஓடியது. ஆனால் குளிர்ந்த எஞ்சினை மண்ணெண்ணெய் எழுப்பாது. சில சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஏன்? பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையிலும் பற்றக்கூடிய ஆவியைக் கொடுக்கும். மண்ணெண்ணெய்க்கு 38 பாகை செல்சியஸ் வரையாவது சூடு வேண்டும். அதாவது, நீங்கள் குச்சியை உரசுமுன்பே பெற்றோல் ஆவி அடுப்பைச் சுற்றி, உங்கள் சாரத்தைச் சுற்றி நிற்கிறது. மண்ணெண்ணெய் பரவாயில்லை என்று நினைக்காதீர்கள். அணைந்தது போலக் கிடக்கிற கரியின் சூடு 38 பாகை அல்ல, பல நூறு பாகை. அதில் ஊற்றியதும் எழும்புகிற வெள்ளைப் புகை, புகையல்ல. ஆவி. ஒரு பொறி பட்டால் போதும்.

என்னுடைய பெறாமகன், தங்கச்சியின் மகன், அப்படித்தான் செய்தான். அணைந்துவிட்டதென்று நினைத்துத் தண்ணீர்ப் போத்தலில் பெற்றோல் கொண்டுவந்து ஊற்றினான். ஊற்றின தாரையைப் பிடித்துக்கொண்டு நெருப்பு மேலே ஏறி வந்தது. போத்தலை வீசினான். அது கிடுகு வேலியடியில் விழுந்தது. அன்றைக்கு வாடைக்காற்று. இரண்டு கிடுகு பற்றி மேலே ஏறியபோது, கிணற்றடியில் யாரோ வாளியில் நிரப்பி வைத்திருந்த தண்ணீர்தான் வேலியையும் பக்கத்து வீட்டையும் காப்பாற்றியது. பிள்ளைக்கு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை. இரவு நான் முற்றத்துக்கு வந்து பார்த்தேன். போத்தல் சூம்பி ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. அதன் நீல மூடி மட்டும் மேசையில், கறிவேப்பிலைத் தட்டுக்குப் பக்கத்தில், வைத்தது வைத்தபடி. என்னிடம் படித்த பிள்ளை. நான் அவனுக்குப் பெற்றோலின் சூத்திரத்தைச் சொல்லிக் கொடுத்தேன். ஊற்றாதே என்று ஒருநாளும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால் இப்போது சொல்கிறேன். கரிக்கு எண்ணெய் வேண்டாம். கொளுத்துமுன்பும் வேண்டாம், கொளுத்திய பின் வேண்டவே வேண்டாம். வேலியிலிருந்து, ஓலைப் பந்தலிலிருந்து பத்தடி தள்ளி அடுப்பு வையுங்கள். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல்.

தம்பி கண்ணாடிக்கு அங்காலை இருந்து கையைக் காட்டுகிறார். ஆனால் இதைச் சொல்லாமல் எழும்ப மாட்டேன். மழை வந்தால் அடுப்பை வீட்டுக்குள் இழுக்காதீர்கள். கராஜுக்குள்ளும் வேண்டாம். கனடாவில், நோர்வேயில் இருந்து இணையத்தில் கேட்கிற உறவுகளே, குளிருக்கு மூடிய பல்கனியும் வேண்டாம். கரி எரியும்போது காபனோரொட்சைட்டு என்ற வாயு வரும். நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்தை அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலையிடி, தலைச்சுற்று, சத்தி, பிறகு நித்திரை. சாப்பாடு ஒத்துவரவில்லை என்று நினைத்துப் படுத்தவர்கள் எழும்பாமல் போயிருக்கிறார்கள். புகை இல்லாத தணல்தான் இதைக் கூடுதலாக விடும். பிள்ளை பெற்ற தாய்க்குச் சாம்பிராணி போடுகிற தணல் சட்டியும் அப்படித்தான். போட்டு முடிய சட்டியை வெளியே எடுங்கள், யன்னலைத் திறந்து வையுங்கள்.

சாம்பலைப் பற்றிக் கன விஷயம் எழுதி வைத்திருந்தேன், நேரமில்லை. மேலே குளிர்ந்திருந்தாலும் உள்ளே ஒரு நாளைக்கு மேல் தணல் உயிரோடு இருக்கும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, மூடியுள்ள தகர வாளியில் போடுங்கள். குப்பைப் பையில் வேண்டாம், வாழையடியில் வேண்டாம், பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுவார்கள். சுட்டுப்போனால் ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம், பற்பசையும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். காயம் பெரிதென்றால் இலங்கையில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும்.

நன்றி, வணக்கம்.