பாட்டுக்குப் பின்னால் ஒரு ‘ம்ம்ம்’

வணக்கம். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு ஆசையாக ஆம்ப்ளிஃபையரைப் போடுகிறோம், பாட்டு ஆரம்பிக்கும் முன்பே ஸ்பீக்கரிலிருந்து ‘ம்ம்ம்ம்’ என்று ஒன்று கிளம்புகிறது. இப்போது நீங்கள் கேட்டது என் தொண்டை, உங்கள் ரேடியோவில் கோளாறு எதுவும் இல்லை. இந்தச் சத்தத்தோடு பல வருஷமாக மல்லுக்கட்டியவன் என்ற ஒரே தகுதியில்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

முதலில் வால்யூமை முழுக்கக் குறைத்துப் பாருங்கள். ஹம், அதாவது இந்த ‘ம்ம்ம்’ சத்தம், அப்படியே இருந்தால் கோளாறு பெரும்பாலும் ஆம்ப்புக்குள்ளேதான்: பவர் சப்ளையில் மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் பெரிய கெபாசிட்டர்கள் வயதாகி வற்றிப்போயிருக்கலாம். குமிழைத் திருப்பத் திருப்ப ஹம்மும் ஏறி இறங்கினால் அது வெளியிலிருந்து ஏதோ ஒரு வயர் வழியாக உள்ளே வருகிறது. இந்த ஒரு நிமிஷச் சோதனையைச் செய்யாமல்தான் நான் மூன்று நாளைத் தொலைத்தேன்.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ஆம்ப் ஒருநாள் திடீரென்று முனக ஆரம்பித்தது. எனக்குக் கொஞ்சம் சால்டரிங் தெரியும், அந்தக் ‘கொஞ்சம்’தான் ஆபத்து. கெபாசிட்டர்தான் என்று முடிவுகட்டி, திறந்து, இரண்டையும் மாற்றினேன். (பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தேங்கி நிற்கும், பழக்கமில்லாதவர்கள் கை வைக்காதீர்கள்.) மூடிப் போட்டால் அதே ம்ம்ம். அடுத்த நாள் விலை கூடின கேபிள் வாங்கி மாட்டினேன், அப்போதும் ம்ம்ம். மூன்றாம் நாள் என் மகள் டிவிக்குப் பின்னால் தூசி துடைக்கும்போது கேபிள் டிவி வயர் கழன்று வந்துவிட்டது. சட்டென்று நிசப்தம்! “அதைத் தொடாதே” என்று நான் கத்த, “சத்தம்தான் நின்னுடுச்சே அப்பா, அப்புறம் என்ன?” என்கிறாள். திரும்பச் செருகினால் ம்ம்ம், பிடுங்கினால் அமைதி. ஒரு பத்துத் தடவையாவது செருகிப் பிடுங்கியிருப்பேன், அவ்வளவு சந்தோஷம்.

நடந்தது இதுதான். ஆம்ப்புக்கு எர்த் சுவர் பிளக் வழியாகக் கிடைக்கிறது. டிவிக்கோ அந்தக் கேபிள் வழியாக வெளியே எங்கிருந்தோ இன்னொரு எர்த் வருகிறது. இரண்டு எர்த்தும் அச்சு அசலாக ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. மட்டம் வேறான இரண்டு தொட்டிகளை ஒரு குழாயால் இணைத்தால் தண்ணீர் ஓடத்தானே செய்யும்? டிவியையும் ஆம்ப்பையும் இணைக்கிற ஆடியோ வயருக்குள் இருக்கும் உலோக உறைதான் இங்கே குழாய். அதில் ஓடுகிற கரண்டு வினாடிக்கு 50 தடவை, சில நாடுகளில் 60 தடவை ஆடுவதால் அந்த ஆட்டம்தான் நம் காதில் விழுகிறது. இதற்கு கிரவுண்டு லூப் என்று பெயர்.

அதனால் எதையும் வாங்கும் முன், எதையும் திறக்கும் முன், ஒவ்வொரு வயராகப் பிடுங்குங்கள். லேப்டாப்பில் பாட்டுப் போடுகிறவர்கள் முதலில் சார்ஜரை. எதைப் பிடுங்கியதும் ஹம் நிற்கிறதோ அதுதான் ஆள்.

ஆள் கிடைத்ததும் எல்லாச் சாதனங்களையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகிப் பாருங்கள், பாதி வழக்கு அதிலேயே முடிந்துவிடும். டிவியையும் ஆம்ப்பையும் ஆப்டிகல் கேபிளில் இணைக்க முடிந்தால் இன்னும் நல்லது. அதில் போவது வெறும் வெளிச்சம், கரண்டு கடக்க வழியே இல்லை. கேபிள் டிவி வயருக்கென்று, அந்த எர்த் உள்ளே வராமல் தடுக்கிற சின்ன ஐசொலேட்டரும் உண்டு.

ஆனால் எர்த் பின்னை மட்டும் வெட்டாதீர்கள். வெட்டினால் ஹம் நின்றுவிடும், உண்மைதான், அதனால்தான் இந்த வைத்தியம் இவ்வளவு பரவியிருக்கிறது. உள்ளே லைவ் வயர் ஒன்று கழன்று உலோகப் பெட்டியில் பட்டால், எர்த் இருந்தால் ஃபியூஸ் போகும், இல்லாவிட்டால் பெட்டியைத் தொட்டவர் வழியாகக் கரண்டு போகும். இதை எனக்குச் சிபாரிசு செய்தவரே கடை வைத்து ஆம்ப் ரிப்பேர் பார்த்தவர்தான்! மறுபடி சொல்கிறேன், வெட்டாதீர்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம்தானாம். சரி. இசைத்தட்டுக் கருவி வைத்திருப்பவர்களுக்குக் கதை தலைகீழ். அதன் ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான், தனியாக வரும் மெல்லிய எர்த் வயரை ஆம்ப்பின் திருகில் மாட்டாமல் விட்டாலே ஹம் வந்துவிடும். ‘ம்ம்ம்’ இல்லாமல் ‘ஸ்ஸ்ர்ர்’ என்று கரகரத்தால் விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மரை அணைத்துப் பாருங்கள். கரண்டு வயரும் ஆடியோ வயரும் ஒட்டி ஓட வேண்டாம், குறுக்கே கடந்தால் பரவாயில்லை. அப்புறம், ஸ்பீக்கர் சும்மா இருக்க ஆம்ப் பெட்டியே முனகினால் அது டிரான்ஸ்ஃபார்மரின் அதிர்வு, அதற்கு எந்த வயரைப் பிடுங்கியும்... நேரம் முடிந்துவிட்டதாம். வணக்கம்.