சம்பளம் வாங்கிய சிம்பன்சி

(பட்டிமன்றத் தலைப்பு: அந்தக் காலத் தொலைக்காட்சி விலங்குகளுக்குத் தந்தது வாழ்வா, வதையா? ‘வதையே’ அணியின் உரை)

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். நேரம் கம்மி, நேரா விஷயத்துக்கு வர்றேன்.

எதிரணித் தங்கச்சி ஒரு குண்டைப் போட்டுட்டு உட்கார்ந்திருக்காங்க. அமெரிக்காவில ஜே. ஃபிரெட் மக்ஸ்னு ஒரு சிம்பன்சி. 1953-ல என்.பி.சி. தொலைக்காட்சியின் ‘டுடே’ காலை நிகழ்ச்சிக்கு வந்து, அதை நடத்தின டேவ் கேரொவே பக்கத்தில உட்கார்ந்துச்சு. படுத்துக் கிடந்த நிகழ்ச்சி எழுந்து ஓடுச்சு. “வாராவாரம் சம்பளம், பெட்டி பெட்டியா உடுப்பு, உலகச் சுற்றுப்பயணம்! எதிரணி அண்ணனைவிட அது நல்லாவே உடுத்தியிருந்துச்சு”ன்னாங்க. நீங்களும் கைதட்டினீங்க. பரவாயில்லை. மூணாவது வரிசையில என் வீட்டம்மாவும் தட்டினாங்க பாருங்க, அதுதான் தாங்க முடியல. ஏன்னா, இந்தச் சட்டையை எடுத்துக் கொடுத்ததே அவங்கதான்!

தங்கச்சி, இது சுமாரான சட்டைதான். ஆனா புழுங்கினா நானே கழட்டிக்குவேன். பயப்படாதீங்க நடுவர் அவர்களே, இங்கே கழட்ட மாட்டேன். மக்ஸால கழட்ட முடியுமா? சம்பளம்னு சொன்னீங்களே, அதை எந்தக் கையில வாங்குச்சு? என்.பி.சி.யிலேயே முன்னாடி சின்ன வேலை பார்த்த ரெண்டு பேர், நியூயார்க்கில ஹென்றி ட்ரெஃப்லிச்சுங்கிற விலங்கு வியாபாரிகிட்ட 600 டாலருக்கு வாங்கின குட்டி அது. பணம் போனது அந்த ரெண்டு பேருக்கு. என் சம்பளமும் மூணாவது வரிசைக்குத்தான் போகுது, அது வேற கதை. என்னை யாரும் ரசீது போட்டு வாங்கலையே! அந்த ட்ரெஃப்லிச் நம்ம நாட்டுச் செம்முகக் குரங்குகளையும் கூட்டம் கூட்டமா இறக்கி வித்தவர். இந்தியா அந்த ஏற்றுமதியை அடியோட நிறுத்தினது 1978-லதான்.

இப்ப கதைக்கு வர்றேன். 1953 ஜூன் 2. லண்டனில எலிசபெத் ராணிக்கு முடிசூட்டு விழா. வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயம். பேராயர் நிக்கிறார். கிரீடம் வருது. உலகமே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் என்.பி.சி. அந்த விழாவைச் சொல்லுது. நடுவில யாரைக் காட்டினாங்க தெரியுமா? மக்ஸை! ராணி, அடுத்து மக்ஸ். பேராயர், அடுத்து மக்ஸ். நடுவர் அவர்களே, நான் தற்செயலா உங்க பக்கம் திரும்பிட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. இங்கிலாந்து கொதிச்சுப் போச்சு. பத்திரிகை திட்டுது, பார்லிமென்ட்டுல பேச்சு. அங்கே அதுவரைக்கும் விளம்பர டிவி கிடையாது. விளம்பரக்காரன் கையில டிவியைக் கொடுத்தா ராணிக்கும் குரங்குக்கும் வித்தியாசம் இருக்காதுன்னு ஒரே கூப்பாடு!

ஆகா, எவ்வளவு மானஸ்தர்கள்! பொறுங்க. 1955 செப்டம்பரில அங்கேயும் விளம்பர டிவி வந்துருச்சு. 1956-ல என்ன ஓடுது? நமக்குத் தெரிஞ்ச அதே புரூக் பாண்ட், பி.ஜி. டிப்ஸ் தேயிலைக்கு விளம்பரம். சிம்பன்சிகளுக்கு உடுப்பு மாட்டி, மேசையைச் சுத்தி உட்கார வச்சு, டீ குடிக்க விட்டாங்க! ராணி பக்கத்தில வந்தா அவமானம். கோப்பை பக்கத்தில வந்தா வியாபாரம். மூணே வருஷத்தில ரோஷம் ஆறிப்போச்சு, டீ மட்டும் ஆறவே இல்ல! அதுவும் அந்த ரோஷம் ராணிக்காக வந்தது. குட்டிக்காக ஒருத்தருக்கும் வரல.

புகழ், வாழ்வுன்னு இன்னும் என்னென்னவோ சொன்னாங்க. 1954-ல மக்ஸ், மார்த்தா ரேங்கிற நடிகையைக் கடிச்சுது. வளர வளர பலம் ஏறும், அது சிம்பன்சியோட குத்தமா? 1957-ல கொகொமோ ஜூனியர்னு வேற சிம்பன்சியை உட்கார வச்சாங்க. நாப்பது அம்பது வருஷம் வாழக்கூடிய உயிர் அது. அஞ்சு வயசில நாற்காலி போச்சு. அவ்வளவுதான் அந்தப் புகழ்.

மணி அடிச்சிட்டீங்க. ஒரு நிமிஷம் ஐயா.

“டிவியில எப்படிச் சிரிக்கும் தெரியுமா”ன்னு தங்கச்சி கேட்டாங்க. ரெண்டு வரிசைப் பல்லும் தெரிய சிம்பன்சி இளிச்சா, அம்மா, அது பயம். நிஜமா விளையாடும்போது மேல்வரிசைப் பல்லை மறைச்சு, வாயைத் தளர்வாத் திறக்கும். காமரூன் காட்டில பிறந்த மக்ஸ் ஸ்டுடியோவுக்கு வந்தப்போ ஒரு வயசுகூட நிறையல. நாலஞ்சு வயசு வரைக்கும் தாய்ப்பால் குடிக்கிற ஜாதி அது. ராத்திரி அம்மாவோட ஒரே கூட்டுலதான் படுக்கும். அப்படிப்பட்ட குட்டியைப் பிடிக்க அந்த வியாபாரத்தில வழி என்ன? தாயைச் சுடறது. செத்த பிறகும் அந்த உடம்பை விடாம கட்டிக்கிட்டிருக்கும் குட்டியைப் பிச்சு எடுக்கிறது.

தங்கச்சி, நீங்க பேசி முடிச்சு இறங்கினதும் உங்க பையன் பாட்டி மடியிலிருந்து குதிச்சு ஓடி வந்து உங்க காலைக் கட்டிக்கிட்டான். நாங்க எல்லாரும் பார்த்தோம். அவனை இழுத்துக்கிட்டுப் போயி, “டிவியில வேலை இருக்கு, நல்ல சட்டை தர்றோம்”னு ஒருத்தன் சொன்னா சரின்னுவீங்களா? என்கிட்ட பதில் சொல்ல வேண்டாம். நடுவர்கிட்ட சொல்லுங்க. நன்றி, வணக்கம்.