மனசுக்குக் கால் உண்டா?

நடுவர் அவர்களே, எதிரணியின் ஜாம்பவான்களே, அவையோரே, வணக்கம். நேரம் கம்மி, நேரா ஜாம்பியாவுக்கே போயிடுவோம்.

"ஜாம்பியாவில் கால்பந்து வளர்ந்தது பணத்தாலா, மனத்தாலா?" மனத்தாலேன்னு பேச வந்திருக்கேன். எனக்கு முன்னாடி பேசின பேராசிரியர் அம்மா அழகா ஒரு கணக்குப் போட்டாங்க. செம்புச் சுரங்கக் கம்பெனிகள் காசு கொடுத்துச்சு, முஃபுலிரா வாண்டரர்ஸ் மாதிரி கிளப்புகள் வளர்ந்துச்சு, தொண்ணூறுகள்ல சுரங்கத்தைத் தனியாருக்கு வித்ததும் கிளப்புகள் திண்டாடுச்சு. எல்லாம் சரி. அதோட உட்கார்ந்திருக்கலாம். போற போக்குல, "தம்பி, மனசுக்குக் கால் உண்டா? மனசு கோல் போடுமா?"ன்னு கேட்டாங்க. நீங்களும் விசிலடிச்சீங்க. மூணாவது வரிசை அண்ணன் எழுந்து நின்னே அடிச்சாரு!

கால்தானே வேணும்? கால் உள்ளவங்க கதையைக் கேளுங்க.

2012 பிப்ரவரி 12. காபோன் நாட்டு லிப்ரவில் நகரம். ஆப்பிரிக்கக் கோப்பை இறுதிப்போட்டி. ஒரு பக்கம் ஐவரி கோஸ்ட். எல்லாம் இங்கிலாந்துப் பணக்கார கிளப்புகள்ல ஆடினவங்க: லண்டன் செல்சியின் ட்ரோக்பா, மான்செஸ்டர் சிட்டியின் டூரே சகோதரர்கள், ஆர்சனலின் ஜெர்வின்யோ. இந்தப் பக்கம் ஜாம்பியா. பெரும்பாலும் ஆப்பிரிக்க கிளப்புகள்லயே ஆடுற பசங்க. இரண்டாம் பாதியில ஐவரி கோஸ்டுக்குப் பெனால்டி. ட்ரோக்பா வர்றாரு. அம்மா, கவனிங்க, அது சாதாரணக் கால் இல்ல. அந்தக் காலுக்கு லண்டன்ல கொட்டிக் கொடுத்தாங்க. ஓடி வந்தாரு, அடிச்சாரு... பந்து கம்பத்துக்கு மேல!

பின் வரிசைக்குக் கேட்கலையாம், திரும்பச் சொல்றேன். கால் இருந்துச்சு. பணம் இருந்துச்சு. பந்து? (கூட்டம்: "மேல!") அம்மா, பதில் கிடைச்சுதா?

120 நிமிஷம், கோலே இல்ல. பெனால்டி ஷூட் அவுட். அணிக்கு ஏழு அடி, ஏழும் கோல். அதுல ட்ரோக்பாவும் ஒண்ணு அடிச்சாரு, நான் மறைக்கலை. ஜாம்பியாவுக்குக் கோல்கீப்பர் முவீனியே வந்து ஒண்ணு அடிச்சாரு. எட்டாவதுல கோலோ டூரே அடிச்சதை அதே முவீனி தடுத்துட்டாரு. இப்ப ஜாம்பியாவோட கலாபா போட்டா கோப்பை. அவரும் மேல அடிச்சுட்டாரு! ஜாம்பியா பசங்க தோளோடு தோள் கோத்து முட்டி போட்டுப் பாடுறாங்க. ஜெர்வின்யோ வந்தாரு, அதுவும் போச்சு. ஜாம்பியாவோட சுன்சு வந்தாரு, போட்டாரு. எட்டுக்கு ஏழு, கோப்பை ஜாம்பியாவுக்கு!

கால் கதை இன்னும் இருக்கு. ஜோசப் முசோண்டான்னு ஒரு டிஃபெண்டர். ஆட்டம் தொடங்கின கொஞ்ச நேரத்துலயே அடிபட்டு, அழுதுக்கிட்டே வெளியே போனவர். ஜெயிச்சதும் பயிற்சியாளர் எர்வே ரெனார் என்ன செஞ்சாரு தெரியுமா? அவரைக் குழந்தை மாதிரி ரெண்டு கையாலயும் தூக்கிட்டு ஓடி, ஆடிக்கிட்டிருந்த கூட்டத்து நடுவுல சேர்த்தாரு.

நடுவர் அவர்களே, அது ஏன் லிப்ரவில்ங்கறதை எதிரணி சொல்லவே இல்ல. 1993 ஏப்ரல் 27. உலகக்கோப்பைத் தகுதி ஆட்டத்துக்காக செனகலுக்குப் போன ஜாம்பியா அணி, அதே லிப்ரவில் கடல்ல விமானத்தோட விழுந்துச்சு. 30 பேர், ஒருத்தர்கூடப் பிழைக்கலை. அதுல 18 பேர் ஆட்டக்காரங்க. ஜாம்பியா கால்பந்து சங்கத்துல காசில்லாம ராணுவ விமானத்துல போனவங்க. இது எதிரணிக்குச் சாதகம்னு எனக்குத் தெரியும், வச்சுக்கட்டும்.

ஹாலந்துல ஆடிக்கிட்டிருந்ததால அந்த விமானத்துல ஏறாதவர் கலுஷா புவால்யா. 1988 சியோல் ஒலிம்பிக்ல இத்தாலிக்கு எதிரா மூணு கோல் போட்டவர். கூட்டாளிகளைப் புதைச்ச கையோட புது அணியைக் கூட்டிக்கிட்டு மறுவருஷமே ஆப்பிரிக்கக் கோப்பை இறுதிக்குப் போனாரு. நைஜீரியாகிட்ட 2-1ன்னு தோத்தாங்க. அந்தக் கலுஷாதான் 2012ல சங்கத் தலைவர். அந்தப் போட்டியில ஜாம்பியாவோட மத்த ஆட்டமெல்லாம் எக்குவடோரியல் கினியில. இறுதிக்கு வந்தாத்தான் லிப்ரவில். வந்தாங்க. ஆடறதுக்கு முன்னாடி கடற்கரைக்குப் போய் அண்ணன்மாருக்குப் பூப் போட்டாங்க. அப்புறம்தான் மைதானம்.

மணி அடிச்சுட்டாங்க. செம்பு விலையை அம்மா அடுத்த சுற்றுல சொல்லட்டும், நானும் கேட்கிறேன். நன்றி, வணக்கம்.