பிரித்த கன்றோடு பெயரும் போகட்டும்

அன்பான நேயர்களுக்கு வணக்கம். வெள்ளவத்தையில் எங்கள் மாடி முகப்பில் வளர்ந்த ஒரு கட்லேயா ஓர்க்கிட், சாடியின் விளிம்பைத் தாண்டி வேர் விட்டபோது, அதை நான்காகப் பிரித்து மூன்றை உறவினருக்குக் கொடுத்தேன். பெயர் எழுதிச் செருகிய துண்டு தாய்ச்சாடியில் மட்டுமே நின்றது. அடுத்த ஆண்டு பூத்ததும், கொட்டாஞ்சேனையிலிருந்து சின்னம்மா தொலைபேசியில், “பிள்ளை, இதுக்கு என்ன பேர்?” என்று கேட்டார். துண்டைப் பார்த்தேன்; மார்க்கர் பேனாவால் எழுதியதை வெயில் முழுவதுமாகத் தின்றிருந்தது. அந்த நான்கு செடிகளும் இன்றுவரை பெயரற்றே நிற்கின்றன.

பூவைப் பார்த்துப் பெயரைக் கண்டுபிடிக்கலாமே என்பார்கள். கலப்பினங்களில் அது பெரும்பாலும் நடவாது, ஏனெனில் வெவ்வேறு பெற்றோருக்குப் பிறந்த செடிகளும் ஒரே சாயலில் பூக்கும். இலண்டனிலுள்ள அரச தோட்டக்கலைச் சங்கம் 1961 முதல் ஓர்க்கிட் கலப்பினங்களைப் பதிவு செய்து வருகிறது. ஆனால், அந்தப் பதிவேடு பெயரைக் கொண்டு பெற்றோரைக் காட்டுமே தவிர, கையிலிருக்கும் பூவுக்குரிய பெயரைக் காட்டாது.

பெயரிலும் இரண்டு படிகள் உண்டு. சிங்கப்பூரில் தோன்றி 1893 இல் விவரிக்கப்பட்டு, 1981 இல் அந்நாட்டின் தேசிய மலரான ‘மிஸ் ஜோக்கிம்’ என்பது அந்தக் கலப்பில் பிறந்த எல்லாச் செடிகளுக்கும் பொதுவான பெயர். அவற்றுள் குறித்த ஒரு செடிக்கே ‘ஆக்னஸ்’ என்ற பெயர் உரியது. ஆக்னஸின் தண்டை வெட்டி நட்டால், எத்தனை கை மாறினாலும் அது ஆக்னஸ்தான். ஆக்னஸில் காய் பிடித்து, விதையிலிருந்து வளர்ந்த நாற்று அப்பெயரைத் தாங்க முடியாது. ஒரு செடி பெற்ற பரிசும் இப்படியே அதிலிருந்து பிரித்த கன்றுகளுக்கு மட்டுமே செல்லும். ஒரே காயில் பிறந்த உடன்பிறப்புகளுக்குச் செல்லாது. விற்பனையில் இந்த வேறுபாடு மறைக்கப்படுவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

நம் நாட்டுக்கே உரிய வெசாக் ஓர்க்கிட் போன்ற இயற்கை இனங்களுக்கு, செடி யாரிடமிருந்து, எந்த ஆண்டு வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

எழுதுவதற்குப் பென்சிலே நல்லது. பிளாஸ்ரிக் துண்டில் அதன் கரி, மழைக்கும் வெயிலுக்கும் நீண்டகாலம் நிற்கும்; துண்டுதான் வெயிலில் நொறுங்கும். ஆகவே, அலுமினியச் சோடாப் பேணியைக் கீலமாக வெட்டி, ஓரங்களை மடித்து, மை தீர்ந்த பேனாவால் அழுத்தி எழுதுகிறேன்; பள்ளமாகப் பதிந்த எழுத்து விரலுக்கே தெரியும். ஒன்றைச் சாடியில் கட்டி, இன்னொன்றைச் சாடிக்குள் நிரப்பிய கரிக்கும் தேங்காய் மட்டைத் துண்டுகளுக்கும் இடையே புதைத்துவிடுவேன்.

கட்லேயாவைப் பிரிக்கும்போது ஒவ்வொரு பங்குக்கும் குமிழ்போல் தடித்த மூன்று, நான்கு தண்டுகளாவது இருக்க வேண்டும். எத்தனை பங்கு வரும் என்று எண்ணி, அத்தனை பெயர்த் துண்டுகளையும் எழுதி வைத்த பின்னரே கத்தியை எடுங்கள். ஏற்கெனவே பெயர் தொலைந்திருந்தால், ஊகித்து ஒன்றை எழுதாமல், “பெயர் தெரியாது” என்றே எழுதுங்கள். சின்னம்மாவின் சாடியில் இப்போது அப்படித்தான் எழுதியிருக்கிறது.