அம்மா ஊற்றிய இரண்டாயிரம் கோப்பைத் தேத்தண்ணி

வணக்கம். தகரத்தில் மழை கொட்டுகிறது, அதனால் கொஞ்சம் சத்தமாகவே பேசுகிறேன். இலங்கை மலையகத்தில், எங்கள் டிக்கோயாவில் பின்னேரம் பனி இறங்கிவிட்டால் எதிர் மலைகூடத் தெரியாது. இன்றைக்குக் காட்ட காட்சி ஒன்றும் இல்லை, பேச்சு மட்டும்தான்.

என்னோடு வேலை செய்கிற ஒருத்தி போன கிழமை கேட்டாள்: "உனக்குக் கிடைக்கிறதே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதையும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, நீ எப்போது ஓய்வெடுப்பாய்?" அப்போது சிரித்துச் சமாளித்துவிட்டேன். இப்போது பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

ஹட்டனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். காலை ஆறரை பஸ் பிடித்துப் போனால் வீடு திரும்ப இரவு ஏழரை ஆகும். ஆறு நாளும் இப்படித்தான். ஞாயிறு வந்தால் உடுப்புத் துவைப்பேன், மிச்ச நேரமெல்லாம் போனை நோண்டிக்கொண்டு கிடப்பேன். ஒருநாள் அந்தப் போனே ஐந்து மணித்தியாலம் என்று கணக்குக் காட்டியது. கணக்கு எழுதுகிறவளுக்கே கணக்கு! ஓய்வு என்று அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை எழும்பும்போது உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும்.

சேவை செய்ய வேண்டும் என்று நான் கிளம்பவில்லை. அடுத்த லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) அக்கா வந்து, "மகளுக்குச் சதவீதக் கணக்கு மண்டையில ஏறவே மாட்டேங்குது, ஓ-லெவல் பரீட்சை வருது, கொஞ்சம் சொல்லிக் குடேன்" என்றார். மறுக்க முடியவில்லை. ஒரு பிள்ளை நாலாகி, இப்போது பதினொரு பேர். கோயில் மண்டபத்தில் ஒன்பதிலிருந்து பதினொரு மணி வரை. காசு வாங்குவதில்லை. ஒரு கட்டு கீரை வந்தால் வேண்டாம் என்று சொல்வதும் இல்லை.

ஒரு ஞாயிறு புத்தகத்திலிருந்த வட்டிக் கணக்கைப் போட்டேன். யாருக்கும் பிடிபடவில்லை. பாங்கிலே போடுகிற காசைப் பார்த்த பிள்ளைகளா அவர்கள்? சரி என்று புத்தகத்தை மூடிவிட்டுத் தேயிலைக் கொழுந்தை உதாரணமாக எடுத்தேன். பச்சைக் கொழுந்தில் ஏறத்தாழ 22 சதவீதம்தான் தேயிலைத் தூளாக வரும், மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர், ஃபேக்டரியிலே ஆவியாகப் போய்விடும் என்றேன். அந்த அக்காவின் மகள் உடனே, "அம்மா நேற்று 18 கிலோ எடுத்தாங்க" என்று சொல்லிப் பெருக்கத் தொடங்கினாள். நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. பின்வரிசைப் பையன் ஒருவன், கோப்பையில் போடுகிற ஒரு தேயிலைப் பைக்கு எத்தனை கிராம் என்றான். இரண்டு என்றேன். கொஞ்ச நேரம் மண்டபத்தில் பென்சில் சத்தம் மட்டும்தான். அப்புறம் அவள் தலையைத் தூக்கி, "அப்ப எங்கம்மா ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் பேருக்குத் தேத்தண்ணி ஊத்துறாங்களா டீச்சர்?" என்றாள்.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. என் அம்மாவும் கொழுந்து எடுத்தவர்தான். வருடக்கணக்காகக் கணக்கு எழுதுகிற எனக்கு இந்தக் கணக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து மணியைப் பார்த்தால் பதினொன்றே கால். இன்னும் ஒரு முழு நாள் என் கையில் இருக்கிற மாதிரி இருந்தது. என் மூளைதான் குழம்பிவிட்டதோ என்று நினைத்தேன், அப்படி இல்லையாம். அமெரிக்காவில் கேஸி மொகில்னர் என்பவரும் இன்னும் இரண்டு பேரும் 2012 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் ஒரு சோதனையில், சிலரைப் பின்தங்கிய மாணவர்களின் கட்டுரையைத் திருத்தித் தரச் சொன்னார்கள், மற்றவர்களை நேரத்தோடே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். நேரத்தைக் கொடுத்தவர்கள்தான் தங்களிடம் நேரம் நிறைய இருப்பதாக உணர்ந்தார்கள். உருப்படியாக ஒன்றைச் செய்தோம் என்ற நினைப்புதான் காரணம் என்கிறார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது. கடையில் நாள் முழுக்க எழுதினாலும் என்ன முடித்தேன் என்று இரவில் சொல்லத் தெரியாது. ஞாயிறு பதினொரு மணிக்குச் சொல்லிவிடுவேன்.

உடம்புக்கும் நல்லது என்கிறார்கள். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தார் 2013 இல் ஐம்பது வயது தாண்டியவர்களை வைத்துப் பார்த்ததில், வருடத்துக்கு 200 மணித்தியாலமாவது தொண்டு செய்தவர்களுக்கு உயர் இரத்த அழுத்தம் வருவது குறைவாக இருந்ததாம். அது கிழமைக்கு ஏறத்தாழ நாலு மணித்தியாலம் வருகிறது. ஆனால் நல்ல தெம்போடு இருக்கிறவர்கள்தானே தொண்டுக்கே போவார்கள்? அதனால் இதை நம்பி யாரும் பிரஷர் குளிசையை நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நடுவில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. திருவிழாக் கணக்கா, நான் எழுதுகிறேன். சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் முடிந்து அடிவாரத்து நல்லத்தண்ணியில் போத்தல் பொறுக்கவா, நானும் வருகிறேன். உலருணவுப் பொதி கட்டவா, அதற்கும் நான். பொதியைக் கொடுக்கும்போது வாங்குகிறவரை நிறுத்தி வைத்துப் போட்டோ எடுக்கிற கூட்டத்தில் நானும் ஒருநாள் நின்றேன். அந்தப் பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. கடைசியில் காய்ச்சல் வந்து படுத்தேன், எழும்பி வந்து பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தேன். இப்போது ஞாயிறு இரண்டு மணித்தியாலம், அப்புறம் நாலு மாதத்துக்கு ஒரு தடவை இரத்ததானம், அவ்வளவுதான். மற்றதற்கெல்லாம் முடியாது என்று சொல்லப் பழகிவிட்டேன்.

எங்கள் அப்பாயி காலத்தில் இதற்குத் தொண்டு என்று பெயரே கிடையாது. சாவு வீட்டுக்கு விறகும் தண்ணீரும் கொண்டுபோய்ப் போடுவது, பிள்ளை பெற்றவளுக்குச் சோறாக்கிக் கொடுப்பது, எல்லாமே "ஒத்தாசை"தான். மலையில் எட்டு மணித்தியாலம் நின்றுவிட்டு வந்துதான் அதையும் செய்தார்கள்.

அந்த இரண்டாயிரம் கோப்பைக் கணக்கை அன்றைக்கே அம்மாவிடம் சொன்னேன். கண் கலங்குவார் என்று நினைத்தேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இத்தன வருஷமா அத்தன பேருக்கு ஊத்தியிருக்கேன், ஒருத்தராவது கோப்ப கழுவ வந்தாங்களா?"

இப்போதும் குசினியிலிருந்து கூப்பிடுகிறார். கழுவிவிட்டு வருகிறேன்.