ஆட்டுக் கண்ணும் மாப்பிள்ளை கேட்ட சாவியும்

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். எதிரணிக்கு வணக்கம். முன் வரிசையில சுண்டலோட உட்கார்ந்திருக்கிற குழந்தைகளுக்கு ரெண்டு வணக்கம், ஏன்னா இன்னைக்கு வழக்கே அவங்களைப் பத்தினதுதான்.

"1529-ல் கிருஷ்ணதேவராயரின் கைக்குழந்தைக்கே முடிசூட்டியிருந்தால் விஜயநகரம் வாழ்ந்திருக்குமா, அப்போதும் வீழ்ந்திருக்குமா?" தலைப்பைக் கேட்டதும் என் மனைவி சொன்னா: "நடந்ததுக்கே பதில் சொல்ல ஆளில்ல, நடக்காததுக்கு ஆறு பேரு, ஒரு நடுவரா?" அவ மூணாவது வரிசையில இருக்கா. அவ பக்கம் அப்புறம் வர்றேன்.

நாங்க 'வீழ்ந்திருக்கும்' அணி. விஷயம் இதுதான். ராயர் கண்ணை மூடுறப்ப மகனுக்கு ஒன்றரை வயசு. அதனால "சந்திரகிரிக் கோட்டையில இருக்கிற என் தம்பி அச்சுதனுக்குப் பட்டம் கட்டுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். மாப்பிள்ளை ராமராயர் "அதெப்படி? மாமனார் சொத்து மாமனார் மகனுக்குத்தான். குழந்தையை உட்கார வைங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்"னார். 'மத்ததை நான் பார்த்துக்கறேன்'. இந்த மூணு வார்த்தையை யாராவது உங்க வீட்டுல வந்து சொன்னா, முதல்ல பத்திரத்தை எடுத்து இடுப்புல சொருகிக்குங்க.

இப்ப ஒரு கதை. தெனாலிராமன் கதையில வர்ற அமைச்சர் அப்பாஜி தெரியும்ல? அவர்தான் சாளுவ திம்மர். 1509. கிருஷ்ணதேவராயர் இன்னும் ராயர் ஆகலை, இருபது வயசைத் தாண்டின வாலிபன். அண்ணன் வீர நரசிம்மர் சாகக் கிடக்கார். அவருக்கு எட்டு வயசுல ஒரு மகன். தம்பி இருந்தா மகனுக்குப் பட்டம் கிடைக்காதுன்னு, திம்மரைக் கூப்பிட்டு, "என் தம்பி கண்ணைப் பிடுங்கிக் கொண்டுவந்து காட்டு"ங்கறார்.

திம்மர் அந்தப் பையனை லாயத்துக்குக் கூட்டிட்டுப் போய் விஷயத்தைச் சொல்றார். பையன் என்ன சொன்னான் தெரியுமா? "எனக்கு ராஜ்யம் வேண்டாம், நான் சாமியாராப் போயிடறேன்." திம்மர் அவனை மேலும் கீழும் பார்த்தார். ஒரு பெட்டை ஆட்டைப் பிடிச்சுட்டு வரச் சொன்னார். அந்த ஆட்டுக் கண்ணைக் கொண்டுபோய் சாகப்போற ராஜாகிட்ட காட்டினார். அவர் நிம்மதியா செத்துப் போனார்.

இதை எழுதி வச்சவர் நூனிஸ்னு ஒரு போர்ச்சுகீசியக் குதிரை வியாபாரி. நடந்து இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு அந்த ஊர்ல இருந்துக்கிட்டு எழுதினது. குதிரை வியாபாரி சொன்னதை நம்பலாமான்னு பேராசிரியருங்க சண்டை போட்டுக்கட்டும். எனக்கு வேற சந்தேகம். ராஜாவுக்கு ஆட்டுக் கண்ணுக்கும் தம்பி கண்ணுக்கும் வித்தியாசம் தெரியலையா? தட்டுல ரெண்டு கண்ணு இருக்கு. அது தன் தம்பியோடதா இல்லையான்னு ஒரு அண்ணனால சொல்ல முடியலை! எப்ப கடைசியா அந்தத் தம்பி முகத்தை நேருக்கு நேர் பார்த்தாரோ!

இன்னொரு தடவை சொல்றேன், இப்ப ஆட்டோட பக்கத்துலேர்ந்து. ஆடு அதுபாட்டுக்குத் தழை தின்னுக்கிட்டு இருக்கு. அதுக்கு வாரிசுரிமைன்னா என்னன்னு தெரியாது. ராயரோட துளுவ வம்சம் தெரியாது. திடீர்னு அமைச்சர் வர்றார். நாட்டோட முதன்மந்திரி! ஆடு நினைக்குது, ஆகா, நமக்கு ஏதோ மரியாதை... இந்திய வரலாற்றுலேயே ஒரு பேரரசரை உண்டாக்கின ஒரே ஆடு அதுதான். அதுக்கு ஒரு சிலை இருக்கா? ஒரு தெருவுக்காவது பேர் இருக்கா? சரி, ஆட்டை அங்கேயே கட்டி வைங்க. அது மறுபடி வரும்.

எதிரணியில எனக்கு முன்னால பேசின பேராசிரியை அம்மாவுக்கு வர்றேன். நல்லாப் பேசினாங்க. ராய்ச்சூர் கோட்டையை 1520-ல ராயர் ஜெயிச்சார், அச்சுதர் வந்ததும் 1530-லேயே ராய்ச்சூரும் முத்கலும் போச்சுன்னாங்க. இருபது வருஷம் சந்திரகிரியில அடைச்சு வச்சிருந்த ஆளுக்கு ஆளத் தெரியுமான்னாங்க. பதில் வச்சிருந்தேன். ஆனா கடைசியா ஒண்ணு சொன்னாங்க பாருங்க: "அடுத்துப் பேச வர்றவர் வீட்டோட மாப்பிள்ளை. முப்பது வருஷமா மாமனார் வீட்டுச் சோத்துல இருக்கிறவருக்கு, மாமனார் ராஜ்யத்தையே தாங்கின மாப்பிள்ளையோட அருமை எப்படித் தெரியும்?"

கூட்டமே சிரிச்சுது. தாங்கிக்கிட்டேன். முதல்ல சிரிச்சது மூணாவது வரிசை. அதைத்தான் தாங்க முடியலை.

அம்மா, ஆமா. நான் வீட்டோட மாப்பிள்ளை. கன்னடத்துல 'அளிய'ன்னா மாப்பிள்ளை. அளிய ராமராயர்னா மாப்பிள்ளை ராமராயர். ஐநூறு வருஷமா உலகம் அந்த மனுஷனை இன்னாரோட மாப்பிள்ளைன்னுதான் கூப்பிடுது. எங்க தெருவுலயும் எனக்குப் பேர் கிடையாது. போஸ்ட்மேன்கூட "கிழக்கு வீட்டு மாப்பிள்ளை"ம்பார். ஆக இந்த மேடையில ராமராயரைப் பத்திப் பேசத் தகுதியுள்ள ஒரே ஆள் நான்தான்!

வீட்டோட மாப்பிள்ளைக்கு ஒரு சட்டம் உண்டு. கிணத்து மோட்டார் ரிப்பேர்னா அவன்தான் இறங்கணும். ஓடு மாத்த அவன்தான் ஏறணும். ஆனா பீரோ சாவி எங்க இருக்குன்னு அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் தெரியாதுன்னு சொல்லணும். எங்க மாமனார் காலமான பதினாறாம் நாள் காரியத்துக்கு மச்சான் துபாய்லேர்ந்து வந்தான். சாப்பாடு முடிஞ்சு பாய் சுருட்டுறதுக்கு முன்னாலேயே, "பீரோ சாவி எங்க?"ன்னான். நான் விட்டத்தைப் பார்த்தேன். எங்க மாமியார் ஒண்ணும் பேசலை. முந்தானையில இருந்த முடிச்சை அவிழ்த்து, சாவியைக் காட்டி, மறுபடி முடிஞ்சு இடுப்புல சொருகிக்கிட்டாங்க. அவ்வளவுதான். வாரிசுப் போர் ஒன்றரை நிமிஷத்துல ஓய்ஞ்சுது.

விஜயநகரத்துல அந்த முந்தானை இல்லாமப் போச்சு, நடுவர் ஐயா. அங்க நடந்தது என்ன? ஒரு பக்கம் மாப்பிள்ளை ராமராயர். இன்னொரு பக்கம் அச்சுதரோட மச்சான்கள், சலகராஜு திருமலர்கள், பெரியவர் ஒருத்தர், சின்னவர் ஒருத்தர். ராஜா ஸ்ரீரங்கத்துல பெருமாளைச் சேவிச்சுக்கிட்டு இருக்கார், மச்சான் படையோட தாமிரபரணிக்குப் போறார். எதுக்கு? செல்லப்பாவைப் பிடிக்க. பேரைக் கேட்டீங்களா? செல்லப்பா! நம்ம சோழ நாட்டைப் பார்த்துக்கிட்டு இருந்தவர். 1529-ல ராமராயர் குழந்தையைத் தூக்கிட்டு வந்தப்ப, அச்சுதர் வந்து சேர்ற வரைக்கும் சிம்மாசனத்தைக் காலியா வச்சுக் காத்தவரே அவர்தான். பஸ்சுல துண்டு போட்டு சீட்டுப் பிடிச்சுக் கொடுத்த மாதிரி. அப்புறம் அவரே கலகம் பண்ணித் திருவிதாங்கூர் ராஜா திருவடிகிட்ட ஓடினார். சீட்டுப் பிடிச்சுக் கொடுத்தவனை உட்கார்ந்தவன் மறந்தா அப்படித்தான்.

அச்சுதர் மூணு தடவை முடிசூட்டிக்கிட்டார். திருப்பதியில ஒண்ணு, காளஹஸ்தியில ஒண்ணு, தலைநகர்ல ஒண்ணு. நம்ம ஊர்ல கோயில்ல ஒரு தாலி, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஒரு கையெழுத்து, மண்டபத்துல ஒரு கல்யாணம்னு மூணு பண்ணினா என்ன அர்த்தம்? மாப்பிள்ளைக்கு யார் மேலயோ பயம்னு அர்த்தம்.

மணி அடிச்சுட்டாரு. வாதத்தைச் சொல்லிடறேன், ஒரே ஒரு வாதம்தான் கைவசம் இருக்கு.

குழந்தையைப் பொம்மையா வச்சு ராமராயர் ஆண்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு கற்பனை பண்ணவே வேண்டாம். அந்தச் சோதனையை வரலாறே செஞ்சு பார்த்துடுச்சு. 1542-ல அச்சுதர் போனார். 1543-ல ராமராயர் அதே ராஜ வம்சத்துச் சதாசிவரைக் குத்திக் கோட்டையிலேர்ந்து கூட்டிட்டு வந்து சிம்மாசனத்துல உட்கார வச்சார். பேர் சதாசிவருக்கு, சாவி மாப்பிள்ளைக்கு. சுல்தான்களை ஒருத்தர் மேல ஒருத்தரை ஏவி விட்டு விளையாடினார். கடைசியில அவங்க ஒண்ணு சேர்ந்தாங்க. 1565 ஜனவரி, தலைக்கோட்டைப் போர். தள்ளாத வயசுல ராமராயர் போர்க்களத்துல பிடிபட்டார், தலை போச்சு. அவரோட தம்பி, இன்னொரு திருமலர், ஐநூத்தம்பது யானை மேல கஜானாவை ஏத்திக்கிட்டுப் பெனுகொண்டாவுக்குக் கிளம்பினாராம்.

1543-லேர்ந்து 1565. 22 வருஷம். அம்மா, நீங்க சொல்றபடி அவருக்கு 1529-லேயே சாவியைக் கொடுத்திருந்தா, 1551-லேயே முடிச்சிருப்பார்! விஜயநகரத்துக்கு 14 வருஷ ஆயுளைக் கூட்டிக் கொடுத்தவர் அச்சுதர். உங்க கணக்குப்படி பார்த்தாலும் எங்க அணிதான் ஜெயிக்குது.

சரி, கணக்கு முடிஞ்சுது. ஆட்டை அவிழ்க்கிறேன்.

திம்மர் காப்பாத்தின அந்தக் கண்ணு ரெண்டும் என்ன பண்ணுச்சு தெரியுமா? உதயகிரியைப் பார்த்துச்சு, ராய்ச்சூரைப் பார்த்துச்சு. 1524 வாக்குல ராயர் தன் ஆறு வயசு மகன் திருமலைக்கு இளவரசுப் பட்டம் கட்டினார். மாசக் கணக்குல கொண்டாட்டம். கொண்டாட்டத்துக்கு நடுவுலேயே அந்தப் பிள்ளை நோய்ல விழுந்து செத்துப் போச்சு. திம்மர் வீட்டு ஆட்கள் விஷம் வச்சுட்டாங்கன்னு ராயர்கிட்ட சொன்னாங்க. ராயர் என்ன தண்டனை கொடுத்தார்?

திம்மரோட கண்ணைப் பிடுங்கச் சொன்னார்.

அன்னைக்கு லாயத்துல யார் கண்ணுக்குப் பதிலா ஆட்டுக் கண்ணைக் கொடுத்தாரோ, அந்தக் கண்ணு பார்த்துக்கிட்டு இருக்கும்போது. இந்தத் தடவை ஆடு தேட யாருமே இல்லை. இதையும் அதே குதிரை வியாபாரிதான் எழுதறார்.

இன்னும் கேளுங்க. அச்சுதர் போனதும் அவர் மகன் வேங்கடனுக்குப் பட்டம். சின்னப் பையன். பார்த்துக்கிட்டது யார்? சின்ன சலகராஜு. பையனுக்கு அவர் யாரு? தாய்மாமன். இந்தக் கூட்டத்துல தாய்மாமன்கள் இருக்கீங்கல்ல? நம்ம வீட்டுப் பிள்ளைக்குக் காது குத்தும்போது யார் மடியில உட்கார வைப்போம்? வலிச்சா யார் தோள்ல சாஞ்சு அழும்? அம்மா வரதாம்பிகை தன் கூடப் பிறந்தவனையே நம்பாம, பீஜப்பூர் சுல்தான் இப்ராகிம் அடில் ஷாகிட்ட பிள்ளையைக் காப்பாத்துங்கன்னு ஆள் அனுப்பினா. அண்ணனை விட்டுட்டு எதிரிகிட்ட பிள்ளைக்காகக் கையேந்தின தாய். சுல்தானுக்குப் பொன்னைக் கொடுத்துத் திருப்பி அனுப்பிட்டான் மாமன். அப்புறம் அந்த மருமகனைக் கொன்னுட்டான். ராமராயர் படையோட வந்தப்ப, பைத்தியம் பிடிச்ச மாதிரி அரண்மனையிலிருந்த யானை, குதிரைக் கண்ணையெல்லாம் குருடாக்கிட்டு, வைரத்தைத் திருகையில போட்டு அரைச்சுட்டு, தானும் வாள்ல பாய்ஞ்சு செத்தான்னு பாரசீக மொழியில வரலாறு எழுதின ஃபெரிஷ்டா எழுதறார்.

எட்டு வயசு ஒண்ணு. ஆறு வயசு ஒண்ணு. ஒன்றரை வயசு ஒண்ணு. அந்த ஒன்றரை வயசோட பேரைக்கூட நூனிஸ் எழுதலை. குதிரைக்கு விலை எழுதினவர் குழந்தைக்குப் பேர் எழுதலை. அப்புறம் வேங்கடன். எதிரணிக்காரங்களே, குழந்தையைச் சிம்மாசனத்துல வச்சா பேரரசு ஒருவேளை பிழைச்சிருக்கும்னே வச்சுக்குங்க. நான் விட்டுக் கொடுத்துட்டேன், மார்க்கை நீங்களே வாங்கிக்குங்க. அந்தப் பிள்ளை பிழைச்சிருக்குமா?

போன லீவுல பேத்தியை எழும்பூர் மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க ஒரு குழந்தைக் கண்ணன் சிலை இருக்கு. ராயர் உதயகிரியை ஜெயிச்சப்ப அங்கேயிருந்து எடுத்துட்டு வந்து, 1515-ல ஹம்பியில கோயில் கட்டி உட்கார வச்ச கண்ணன். ஹம்பியில அந்தக் கோயில் இன்னும் இருக்கு, கருவறை காலி. பிள்ளை நம்ம ஊர்ல உட்கார்ந்திருக்கு.

அஞ்சு வயசுக்காரி கேட்டா: "தாத்தா, இந்தப் பாப்பா எந்த ஊரு?"

ஹம்பின்னேன். "அதுக்கு முன்னாடி?" உதயகிரின்னேன். "அங்கேயிருந்து ஏன் வந்துச்சு?" ராஜா தூக்கிட்டு வந்துட்டார்னேன். கையில வச்சிருந்த முறுக்கைக் கடிக்காம அதையே பார்த்துக்கிட்டு நின்னா.

"பாப்பாகிட்ட கேட்டாங்களா?"

நடுவர் ஐயா ரெண்டாவது மணியில கை வச்சிருக்கார். அடிக்க வேண்டாம் ஐயா, நானே உட்கார்ந்துக்கறேன்.